விடியற்காலமட்டும்

சாமுவேலை ஆண்டவர் அழைத்த கதையை நம் சபைகளில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்போம், விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாடகமாகப் பார்த்திருப்போம், வாலிபர் கூட்டங்களில் பிரசங்கமாகவும் கேட்டிருப்போம். யார் சொன்னாலும் கதை பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. 'சொல்லும்; அடியேன் கேட்கிறேன்' என்று சிறுவன் சொன்னதும் பிரசங்கம் முடிந்து அர்ப்பணிப்புப் பாடல் தொடங்கிவிடும். அது 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனம். பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அதே அதிகாரத்தின் பதினைந்தாம் வசனம்.

'சாமுவேல் விடியற்காலமட்டும் படுத்திருந்து, கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். சாமுவேல் ஏலிக்கு அந்தத் தரிசனத்தை அறிவிக்கப் பயந்தான்.'

அந்தச் சிறுவன் கேட்ட செய்தி இனிமையானது அன்று. ஆலயத்தில் தன்னை வளர்த்த முதிய ஆசாரியர் ஏலியின் குடும்பத்தின்மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பு அது. கேட்கிறவர்களின் இரண்டு காதுகளிலும் தொனித்துக்கொண்டிருக்கும் என்று ஆண்டவரே முன்னுரை சொல்லித் தொடங்கிய செய்தி. அதைச் சுமந்துகொண்டு அவன் படுத்திருக்கிறான். அடுத்த அறையில் ஏலி. எழுந்து ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது, கேட்காதவன்போல் தூங்கிவிடவும் முடியாது. ஆண்டவரும் அதன்பின் அன்றிரவு எதுவும் பேசியதாக வேதம் சொல்லவில்லை. அழைப்புக்கும் கீழ்ப்படிதலுக்கும் நடுவே உள்ள அந்தச் சில மணி நேரத்தைத்தான் ஜெபத்தின் அமைதி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அமைதியாகக் காத்திருந்தால் ஆண்டவர் புதிதாக ஏதாவது பேசுவார் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. பேசலாம், அவருடைய சித்தம். ஆனால் வேதத்தில் நான் வாசிப்பதும், சீஷர்களாக வாழ்ந்து மறைந்தவர்களின் வாழ்க்கையில் பார்ப்பதும் வேறு ஒன்று. ஏற்கெனவே கேட்ட ஒன்றிலிருந்து இனித் தப்பித்துப் போக முடியாது என்ற நிலைக்கு அமைதி நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெரும்பாலும் நாம் எந்த இடத்தைவிட்டு ஓடினோமோ அந்த இடத்துக்கே திருப்பியும் அனுப்புகிறது.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓரேப் மலைவரை ஓடினான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோன பிறகு 'அமர்ந்த மெல்லிய சத்தம்' உண்டாயிற்று. இந்த இடத்தில் நாம் உருகிப்போகிறோம். காலண்டர்களில் இந்த வசனத்தை அச்சிடுகிறோம். ஆனால் அந்த மெல்லிய சத்தத்துக்குப் பிறகு கேட்கப்பட்டது, அதற்கு முன்பே கேட்கப்பட்ட அதே கேள்வி: 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?' அவன் சொன்ன பதிலும் அதேதான், ஏறக்குறைய எழுத்து மாறாமல். அடுத்து வந்த கட்டளை, தமஸ்குவின் வழியாய் வனாந்தரத்துக்குத் திரும்பிப் போ என்பது. திரும்பிப் போய் ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் செய்ய வேண்டும். நாற்பது நாள் நடந்து வந்த மனிதனுக்கு மலையுச்சியில் கிடைத்தது திரும்பிப் போகும் வழி.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் மண்ணில் நடந்த ஓர் இரவு எனக்கு நினைவுக்கு வரும். திண்டிவனத்தில், 1890களின் தொடக்கத்தில், ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணுக்கு வாய்த்த இரவு அது.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் அதன் பின்னணியைச் சொல்லாவிட்டால் அந்த இரவின் எடை தெரியாது. ஐடாவின் தாத்தா மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் இந்தியாவில் மிஷனெரிகளானார்கள். அவர்களில் ஒருவருக்கு 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறு குழந்தை. பசியால் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்த அந்தக் கைகளுக்கு ஆறேழு வயதுதான் இருக்கும். அந்தக் காட்சிகளைக் கண்ட பிள்ளை, வளர்ந்த பிறகு இந்த நாடே வேண்டாம் என்று தீர்மானித்ததில் வியப்பே இல்லை. அமெரிக்காவில் படித்தார், அங்கேயே வாழ விரும்பினார். தாயின் உடல்நிலை சரியில்லாததால் உதவிக்காகத் திண்டிவனம் வந்தார். திரும்பிப் போய்விடுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த இரவில் ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். பிரசவ வேதனையில் இருக்கும் தன் இளம் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்றார். ஐடா, நான் மருத்துவர் அல்ல, என் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். ஓர் ஆண் வந்து பார்ப்பதற்கு அந்த வீட்டு வழக்கம் இடம் கொடுக்காது. அவர் திரும்பிப் போனார். பிறகு ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அவரும் அப்படியே திரும்பினார். கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் அதே வீட்டில் இருந்தும் மூன்று பேரும் வெறுங்கையோடு போனார்கள். விடிந்ததும் பறை ஓசை கேட்டது. ஐடா வேலைக்காரரை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அன்றிரவு தன்னால் தூங்க முடியவில்லை என்றும், கடவுளை முகமுகமாய்த் தான் முதன்முதலில் சந்தித்தது அப்போதுதான் என்று நினைப்பதாகவும் பிற்காலத்தில் ஐடா நினைவுகூர்ந்திருக்கிறார். சாமுவேலைப் போலவே விடியும்வரை படுத்திருந்த இன்னொருவர். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. அவர் கேட்டதெல்லாம் மூன்று ஆண்களின் கெஞ்சலும் காலையில் ஒரு பறையொலியும்தான். சாமுவேலும் ஆண்டவரின் குரலை ஏலியின் குரல் என்றுதானே மூன்று முறை நினைத்துக்கொண்டு எழுந்து ஓடினான்! மனிதர் கூப்பிடும் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிற பழக்கம் அவனுக்கு முன்பே இருந்தது. அதனால்தான் நான்காம் முறை யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்து பதில் சொல்ல அவனால் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக என் மனம் ஒப்பவில்லை. இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள், ஒரு மிஷனெரியை அழைப்பதற்காக ஆண்டவர் மூன்று கதவுத் தட்டல்களை அனுப்பினார் என்று முடிப்பதுண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாக இல்லை. ஒருவரை ஊழியத்துக்கு அழைக்க மூன்று பெண்களின் உயிரைச் செலவழிக்கிறவர் அல்லர் நான் ஆராதிக்கும் ஆண்டவர். அந்தப் பெண்கள் யாருடைய சாட்சிக்கும் பின்னணி ஆவதற்காகப் பிறந்தவர்கள் அல்லர். நாம் சொல்லும் கதையில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. முதலாவது வந்தவரின் மனைவி இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பில் படிக்க வேண்டிய சிறுமி. அவர்கள் இறந்தது சிகிச்சை கிடைக்காததால். சிகிச்சை கிடைக்காதது பெண் மருத்துவர் இல்லாததால். பெண் மருத்துவர் இல்லாதது, அன்று இங்கே பெண்ணைப் படிக்கவைக்க முனைந்தவர்கள் மிகச் சிலரே என்பதால். ஆண்டவர் செய்தது, அந்த மரணங்களை ஐடா மறந்துவிட விடாமல் இருந்தது. பறை ஓசை ஊரில் எல்லாருக்கும்தான் கேட்டது. ஒருத்தியை மட்டும் அது விடவில்லை.

அதன்பின் நடந்தவை சரித்திரம். ஐடா அமெரிக்கா திரும்பினார். ஆனால் முன்பு எண்ணியிருந்த காரணத்துக்காக அல்ல. மருத்துவம் படித்து 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் அருகில் இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். சில மாதங்களிலேயே தந்தை இறந்துபோனார். யாரை நம்பி வந்தாரோ அவர் இல்லை, ஊர்ப் பெண்களுக்கோ இந்த இளம் மருத்துவர்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அழைப்புக்குக் கீழ்ப்படிந்துவிட்டால் கதவுகள் தானாகத் திறக்கும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அவருடைய முதல் ஆண்டு அப்படி இருக்கவில்லை. 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிறகு குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் போய், வழியில் மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் ஒருவர் மருத்துவரானது மூன்று வீடுகளுக்குப் பதில் என்றால், அந்தப் பள்ளி மற்ற எல்லா வீடுகளுக்கும் பதில். 1960-இல் கொடைக்கானலில் இறந்தபோது அவருக்கு வயது 89. 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய' என்ற இயேசுவின் வார்த்தையைத்தான் அவருடைய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்றும் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கும் நம் ஊருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஜெபத்தில் அமைதி என்றால் என்ன என்பதை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் அவர். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1935-இல் ஃபிங்கன்வால்ட் என்ற இடத்தில், ஹிட்லருக்குப் பணியாத திருச்சபைக்காகப் போதகர்களை அவர் பயிற்றுவித்தார். அங்கே நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுவதும் அதே சிறு வேதபகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது, விளக்கவுரை பார்க்கக் கூடாது. மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று முறையிட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1937-இல் ரகசியக் காவல்துறை அந்தப் பயிற்சிப் பள்ளியை மூடியது.

1939 ஜூனில், போர் நெருங்கிய வேளையில், நண்பர்கள் ஏற்பாடு செய்ததால் போன்ஹோஃபர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பாதுகாப்பான இடம், மதிப்பான வேலை. ஆனால் போன நாளிலிருந்தே அவருக்கு நிம்மதி இல்லை. தினசரி தியான வசனங்களை அங்கேயும் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் கண்ணில் பட்டது, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி: 'மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு.' சிறையில் இருந்த பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லிய கடிதத்தின் கடைசிப் பகுதி அது. அழைப்பைப் பற்றிய வசனமே இல்லை. ஆனாலும் அந்த வரி நாள் முழுவதும் தன்னைப் பின்தொடர்ந்ததாக அவர் நாட்குறிப்பில் எழுதினார். அதைத் தனக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்றும் எழுதினார். ஜூலைத் தொடக்கத்தில் கப்பலேறி ஜெர்மனி திரும்பினார். இந்தச் சோதனையைத் தன் மக்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால், போருக்குப் பின் அங்கே கிறிஸ்தவ வாழ்வைக் கட்டியெழுப்பத் தனக்கு உரிமை இராது என்பது அவர் சொன்ன காரணம். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

நம் வீடுகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரும்போது ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்து வருவோம். பீரோக் கதவில் அது ஆண்டு முழுவதும் ஒட்டியிருக்கும். அந்த அட்டைகளால் ஆறுதலடைந்தவர்களில் நானும் ஒருத்தி; நோய்ப் படுக்கையில் இருந்த என் அம்மா தலையணைக்கு அடியில் அதை வைத்திருந்தார். ஆனால் எந்த அட்டையிலும் 'மாரிகாலத்துக்குமுன்னே வந்துசேர்' என்று நான் பார்த்ததில்லை. 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்' என்றும் பார்த்ததில்லை. பெறுவதற்கான வசனங்களைத் தனியே பிரித்து எடுத்துவிட்டோம். போவதற்கான வசனங்கள் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கின்றன. அமைதியாக உட்கார்ந்து வேதத்தை வரிசையாக வாசிக்கிறவருக்கு மட்டும்தான் அவை எதிர்ப்படும்.

சத்தமாக ஜெபிப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முழு இரவு ஜெபங்களில் கண்ணீரோடு கதறுகிற தாய்மாரின் நடுவில் வளர்ந்தவள் நான். சங்கீதங்களில் பாதி கூக்குரல்தானே. என் வருத்தமெல்லாம், நாம் பேசி முடித்த பிறகு அவருக்கு இடம் விடுவதில்லை என்பது. ஆராதனையில் பாவ அறிக்கைக்கு முன் 'சற்று நேரம் அமைதியாக நம்மை ஆராய்ந்து பார்ப்போம்' என்று போதகர் சொல்கிறார். தலையைக் குனிந்து கண்ணை மூடுவதற்குள் கீபோர்டில் மெல்லிய இசை எழும்பிவிடுகிறது. வாசிக்கிற தம்பி நல்ல மனதோடுதான் வாசிக்கிறான். அந்த அமைதியைத் தாங்குவது எல்லாருக்குமே கடினமாக இருக்கிறது, அதனால் அவன் நமக்கு உதவி செய்கிறான்.

சபையின் முழு உறுப்பினராவதற்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பின் பிள்ளைகளோடு நான் இதைப் பேசியதுண்டு. வகுப்பு தொடங்குமுன் சில நிமிடங்கள் எதுவும் பேசாமல் உட்காருவோம். முதல் வாரங்களில் நாற்காலி கிறீச்சிடும், யாரோ சிரிப்பை அடக்குவார்கள், பையில் செல்பேசி அதிரும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தட்டும். மெல்ல மெல்லப் பழகியது. ஒரு நாள் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். "அக்கா, அமைதியாக உட்கார்ந்தால் இயேசுவைப் பற்றி நினைப்பே வருவதில்லை. அப்பாவோடு பேசாமல் இருக்கிறேன், அதுதான் வந்து வந்து நிற்கிறது. நான் தவறாக ஜெபிக்கிறேனா?" என்று கேட்டான்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று சொன்னவர் யார் என்று அவனிடம் திருப்பிக் கேட்டேன். அவனுக்கு வசனம் தெரிந்திருந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்டது இயேசுவின் குரலைத்தான். அது அப்பாவின் முகத்தோடு வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

மௌன ஜெபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அதன் சமாதானத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். சமாதானம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வருவது பெரும்பாலும் கலக்கம். மனித சத்தங்கள் அடங்கும்போது, நாம் பதில் சொல்லாமல் விட்ட சத்தங்கள் மேலே வருகின்றன. பலர் அமைதியைக் கைவிடுவது அந்த இடத்தில்தான்; எனக்கு ஜெப மனம் இல்லை போலிருக்கிறது என்று எழுந்துவிடுகிறார்கள். அங்கேயே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. கவனச் சிதறல் என்று நீங்கள் விரட்டுகிற அந்த முகம் யாருடையது என்று ஒரு முறை பாருங்கள். எல்லா நினைவும் ஆண்டவரிடமிருந்து வருவது ஆகாது. கடன் தவணையும் நாளைய சமையலும்கூட வரும். அவை வந்து போய்விடும். சில மட்டும் எத்தனை முறை அனுப்பினாலும் திரும்பி வந்து நிற்கும்.

இயேசுவும் இதை அறிந்திருந்தார். கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடி, நோயாளிகளைச் சுகமாக்கிய மறுநாள், 'அதிகாலையில், இருட்டோடே' எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு எழுதுகிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். புகழ் காத்திருந்த அந்த வாசலுக்கு அவர் திரும்பவில்லை; அடுத்த ஊர்களுக்குப் போவோம், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்றார். எதற்காக வந்தோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். இருட்டோடு எழுந்து போனது, கூட்டத்தின் கைதட்டல் அதை மறக்கடித்துவிடாதபடிக்குத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம், மேடை, அங்கி என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்கு அழைப்பு இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எங்கள் சபையில் பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண் இதே கேள்வியோடு என்னிடம் வந்தாள். ஆண்டவருடைய அழைப்பு தனக்கு உண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று கூட்டங்களில் கைதூக்கி அர்ப்பணித்திருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை என்றாள். அமைதியாக இருக்கும்போது யாருடைய முகம் உனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. கல்லூரிக்குப் போகும் பஸ்சிலிருந்து தினமும் பார்த்த செங்கல் சூளையில், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஈரக் கற்களைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருப்பார்கள் என்றாள். அதில் தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு சிறுமியை அடையாளமே சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றித்தான் பேசினாள், கேட்ட கேள்வியை மறந்தே போனாள்.

இப்போது அவள் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ஒடியா எழுத்துகளை யூடியூபில் பார்த்துக் கற்று வருகிறாள். சூளை உரிமையாளரிடம் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அனுமதி கேட்கப் போனபோது அவளுடைய அப்பாவும் உடன் போனார். முதலில் மறுத்த உரிமையாளர் பிறகு சரி என்றாராம். ஜூன் மாதம் சூளை வேலை நின்றதும் அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும் என்பதால், அதற்குள் பிள்ளைகள் தங்கள் பெயரையாவது எழுதப் பழகிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறாள். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து பழைய சிலேட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்கிப் போனாள்.